7,000 அடி உயரத்தில் தேக்கை வளைப்பது: மிரர் படகின் இடது விளிம்புச் சட்டம்

இடது பக்கச் சட்டம் உட்கார்ந்துவிட்டது. முன்பலகையிலிருந்து பின்பலகை வரை ஒரே ஓட்டம். சட்டத்துக்கும் ப்ளைவுட்டுக்கும் நடுவில் ஒரு தாள்கூட நுழையாது. கிளாம்புகளைக் கழற்றிவிட்டுப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன்; வளைவு எங்கும் முறியாமல் ஓடுகிறது. கொடைக்கானல் குளிரில் எபாக்சிப் பசை இறுகாது, தேக்கு வளையாது என்று சொன்னவர்கள் தாராளமாக வந்து தொட்டுப் பார்க்கலாம்.

படகு மிரர், சின்னப் பாய்மரப் படகு. இங்கிலாந்தின் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் 1962-இல் கொண்டுவந்த அதே 3.3 மீட்டர் வடிவம். ப்ளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையல் மேல் கண்ணாடி இழை நாடா ஒட்டிச் செய்தது. நம் சோழமண்டலக் கரையில் மசூலாப் படகுகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள் என்பதால் எனக்கு இந்த வடிவத்தின் மேல் கூடுதல் பிரியம்.

கடற்கரையில் இருந்தவரை இந்தப் படகின் சட்டங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மலைக்கு வந்த பிறகுதான் மக்கின. உப்புத் தண்ணீர் மரத்தைப் பூஞ்சையிடமிருந்து ஓரளவு காப்பாற்றும், மழைத் தண்ணீர் காப்பாற்றாது. பழனி மலையில் தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறிப் பெய்கின்றன. சட்டத்துக்கும் ப்ளைவுட்டுக்கும் இடையில் இறங்கிய ஈரம் காய இடைவெளியே கிடைப்பதில்லை. வெளிப்பக்கத் தேய்மானத்துக்குக் காரணம் ஏரியின் அமைப்பு. 1863-இல் ஆங்கிலேய அதிகாரி லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி பல கைகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு கை திரும்பும்போதும் காற்றும் திரும்பிவிடும். படித்துறையை நெருங்கும் நேரத்தில் பாய் காற்றை இழந்தால் படகு பக்கவாட்டில் போய் உரசும். உரசிய இடமெல்லாம் பள்ளம்.

பழையதைக் கழற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அசையாத பித்தளை ஸ்க்ரூக்களின் தலையில் சால்டரிங் அயர்னைச் சற்று நேரம் வைத்தால் பழைய பசை இளகும், அப்புறம் திருப்புளிக்குக் கட்டுப்படும். மிச்சத்தை உளியும் இழைப்புளியும் பார்த்துக்கொண்டன.

மரத்துக்கு அலைந்ததுதான் பெரிய கதை. மலையில் எங்கு பார்த்தாலும் சில்வர் ஓக், யூகலிப்டஸ், வாட்டில். சில்வர் ஓக் ஈரத்தில் சீக்கிரம் மக்கும். யூகலிப்டஸ் காயும்போது முறுக்கிக்கொள்ளும். சரி, தேக்கு என்று கீழே இறங்கினால், ஒரு கடையில் பர்மா தேக்கு என்று விலை சொல்லி, பாதி வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளுத்த பாகம், உள்ள கட்டையை எடுத்து வைத்தார்கள். தேக்காகவே இருந்தாலும் வெளிறு தாங்காது. வைரம் பாய்ந்த நடுப்பாகம் மட்டும்தான் தண்ணீரில் நிற்கும். இதைக் கடைக்காரரிடம் விளக்க வேண்டியிருந்ததே எனக்கு எரிச்சல். கடைசியில் கிடைத்தது காரைக்குடியிலிருந்து வந்த பழைய வாசற்கால். முழுக்க வைரம், காற்றிலேயே பல காலம் காய்ந்தது, கணு மிகக் குறைவு. பழைய ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்து அங்குலம் அங்குலமாகத் தடவிய பிறகுதான் அறுக்கக் கொடுத்தேன். பண்ணைக்காட்டு ஆசாரி ஒருவர் கட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பென்சில்ல கோடு போட்டு வெச்சுக்கங்க. வளைக்கிறப்ப அந்தக் கோடுதான் பேசும்" என்றார். அவர் சொன்னபடி ஒவ்வொரு சட்டத்திலும் கோடு போட்டேன்.

இனி வளைப்பு. மிரரின் சட்டம் பாதி நீளத்துக்கு மேல் சாதுவாகத்தான் போகும். முன்பக்கத்துக் கடைசி ஒரு மீட்டரில்தான் எல்லாச் சிக்கலும். அங்கே உள்நோக்கி வளைகிறது, அதே நேரத்தில் மேலே ஏறுகிறது, இரண்டும் சேர்வதால் ஒரு முறுக்கும் விழுகிறது. 21 மி.மீ. தடிமன் தேக்கு இந்த மூன்றுக்கும் ஒரே நேரத்தில் இணங்காது.

மரப்பெட்டிக்குள் வைத்து ஆவியில் வேகவைத்து வளைப்பதே வழக்கமான பதில். அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கு எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது சமவெளிக் கணக்கு. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. இங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகாததற்கும் அதுதான் காரணம். அப்படியானால் குக்கரையே கொதிகலனாக வைத்துக் குழாய் வழியாக ஆவியைப் பெட்டிக்குள் விடலாமே என்று பலரும் சொல்கிறார்கள். குக்கருக்குள் அழுத்தம் இருக்கும்வரைதான் அந்தக் கூடுதல் சூடு. திறந்த மரப்பெட்டிக்குள் ஆவி வந்து விரிந்ததுமே சூடு மறுபடி இந்த மலையின் அளவுக்கு இறங்கிவிடும். ஒரு துண்டுக் கட்டையில் சோதித்தேன். சமவெளிக் கணக்கைவிட நெடுநேரம் பெட்டியில் இருந்த பிறகும், வளைக்கும்போது வெளிப்பக்கத்தில் நார் பிளந்து எழும்பியது. பல காலம் காய்ந்த தேக்கு ஆவிக்கு எளிதில் இளகாது; ஈரம் காயாத பச்சை மரம் என்றால் வேறு பேச்சு.

அதனால் மூன்று பட்டையாக அறுத்து ஒட்டுவது என்று முடிவு செய்தேன். மலையில் படகு வேலை செய்கிற எல்லாருக்கும் இதையே சொல்வேன். கட்டையின் தடிமன் பாதியானால் அதை வளைக்கத் தேவையான வலு எட்டில் ஒரு பங்காகிவிடும். 21 மி.மீ. கட்டையை 7 மி.மீ. பட்டைகளாக மூன்றாக்கினால், மூன்றையும் சேர்த்து வளைக்கவே ஒன்பதில் ஒரு பங்கு வலுதான் வேண்டும். பசை இறுகிய பிறகு மூன்றும் ஒரே கட்டை. கிளாம்பை எடுத்ததும் பின்வாங்குவதும் மிகக் குறைவு.

அறுப்பதற்குப் பேண்டு சா உள்ள மில்லையே தேடுங்கள். வட்ட ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் மூன்று மி.மீ. மரத்தைத் தூளாக்கிவிடும், இந்தத் தேக்கைத் தூளாக்க எனக்கு மனம் வராது. வாசற்கால் நீளம் போதாததால் ஒவ்வொரு பட்டையிலும் ஒரு சாய்வு ஒட்டு, ஒன்றுக்கு எட்டு என்ற சரிவில். 7 மி.மீ.க்கு 56 மி.மீ. சாய்வு. ஒட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் தள்ளித் தள்ளி வைத்தேன், வளைவுப் பகுதியில் ஒன்றுகூட வரவில்லை.

முதலில் பசையில்லாமல் ஓர் ஒத்திகை. முன்முனையில் பட்டைகளை இறுக்கிவிட்டு, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தையே நெம்புகோலாகப் பிடித்து மெதுவாகப் படகோடு சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பின்னாலிருந்து ஆரம்பித்தால் முன்பக்கத்தில் பிடிப்பதற்குக் கட்டை மிச்சம் இருக்காது. வளைவுப் பகுதியில் துணியைச் சுற்றிக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினேன். 7 மி.மீ. பட்டைக்கு 93 டிகிரி போதும். அப்படியே கட்டி, ஈரம் முழுதும் காயும்வரை விட்டேன். பிறகு அவிழ்த்தபோது வளைவில் பெரும்பகுதி பட்டையிலேயே நின்றது.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. உப்புத்தாள் போட்டு, அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, அது ஆவியானவுடனே ஒட்டிவிட வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். முதல் பூச்சு வெறும் எபாக்சி. அதன்மேல் சிலிக்கா பவுடர் கலந்து இட்லி மாவுப் பதத்தில் இன்னொன்று. கிளாம்பை வெறி பிடித்தாற்போல் இறுக்கக் கூடாது. பசை முழுதும் பிதுங்கி வெளியே போய்விட்டால் உள்ளே ஒட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. ஓரமெங்கும் சிறு மணிகளாகப் பசை எட்டிப் பார்த்தால் போதும்.

கிளாம்பு விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அரையடிக்கு ஒன்று வேண்டும். அதனால் வளைவுக்கு மட்டும் நல்ல இரும்பு சி-கிளாம்பு வைத்துக்கொண்டேன். மீதிக்கு, போர்வெல்லுக்குப் போடும் கனமான பிவிசி கேசிங் பைப்பை வளையம் வளையமாக வெட்டி, ஒரு பக்கம் கீறிவிட்டேன். விரித்து மாட்டினால் ஸ்பிரிங் போலக் கவ்வுகிறது. துண்டுப் பைப்புகளைப் போர்வெல் வண்டிக்காரர்கள் சும்மாவே கொடுத்துவிடுகிறார்கள்.

அடுத்த எதிரி ராத்திரிக் குளிர். சூடு 10 டிகிரி குறைந்தால் எபாக்சி இறுகும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சமவெளியில் ஒரு ராத்திரியில் முடிவது இங்கே நாள்கணக்கில் பிசுபிசுக்கும். படகின் மேல் தார்ப்பாய்க் கூடாரம் போட்டு, கோழிக்குஞ்சுகளுக்குப் போடும் சூட்டு பல்புகளை உள்ளே தொங்கவிட்டேன். பல்லடம் பக்கத்தில் கோழிப்பண்ணைச் சாமான் கடைகளில் ஹோல்டரோடு கிடைக்கும். 25 டிகிரியைத் தாண்டாமல் ஒரு தெர்மாமீட்டர் காவல். கரியடுப்போ கேஸ் அடுப்போ உள்ளே வேண்டவே வேண்டாம். புகை ஆளைக் கொல்லும். கேஸ் எரியும்போது வரும் ஈரம் எபாக்சி மேல் மெழுகு மாதிரி ஒரு படலத்தை உண்டாக்கும். அந்தப் படலம் வந்தால் முதலில் தண்ணீரால் கழுவுங்கள், அப்புறம் உப்புத்தாள். நேராக உப்புத்தாள் போட்டால் அது தாளில் அடைத்துக்கொண்டு, பரப்பெங்கும் பரவும்.

பல்லடம் போனதில் இன்னொரு ஆசையும் வந்துவிட்டது. பல்புகளோடு வந்த தெர்மோஸ்டாட்டைப் பார்த்ததும், பாய்மரத்தின் மேல்கொம்பையும் இதே கூடாரத்தில் உள்ளீடற்றதாக ஒட்டிச் செய்யலாம் என்று தோன்றியது. மிரரில் இருப்பது கன்டர் அமைப்பு, குட்டையான பாய்மரத்தின் மேல் ஒரு கொம்பை நிமிர்த்தி ஏற்றும் முறை; அதனால் அந்தக் கொம்பு உயரத்தில் நிற்கிறது. அங்கே குறையும் ஒவ்வொரு நூறு கிராமும் இந்த ஏரியின் திடீர்க் காற்றில் படகை நிமிர்த்தி வைக்கும். வரைபடம்கூடப் போட்டுவிட்டேன்.

ஆனால் வலது சட்டம் இன்னும் பழையதுதான். இடதுக்கும் வார்னிஷ் பாக்கி. எபாக்சியை அப்படியே வெயிலில் விடக் கூடாது, புற ஊதாக் கதிர் அதைச் சுண்ணாம்பாக்கிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் அந்தக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும் என்பதால், கதிர்த் தடுப்பு உள்ள வார்னிஷ் ஐந்தாறு கோட்டாவது அடிப்பேன். பிளாஸ்டிக் வாளி மாதிரி மினுங்கும் பாலியூரித்தேன் வேண்டாம். அடுத்த வருஷம் சுரண்டி மறுபடி அடிக்கச் சுலபமான பழைய எண்ணெய் வார்னிஷ்தான்.

வலது பக்கத்துக்கு வாசற்காலில் மிச்சம் இருப்பது இரண்டு பட்டைக்குத்தான் வரும். மூன்றாவதற்கு அயினி போடலாமா என்று பார்க்கிறேன். கேரளத்துச் சுண்டன் வள்ளங்களுக்குப் போடுகிற மரம், தண்ணீருக்கு அஞ்சாது, தேக்கைவிட மலிவு. உள்பட்டையாக வைத்தால் நிற வேறுபாடும் தெரியாது. தென்காசி, நாகர்கோவில் பக்கம் கணுவில்லாத பன்னிரண்டடி அயினி ரீப்பர் அறுத்துத் தரும் மில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பஸ் மேல் போட்டாவது கொண்டுவந்துவிடுவேன்.