அந்த முதல் காலடி

அமெரிக்கக் கால்பந்து, என்.எஃப்.எல் லீக். இரண்டாம் டவுன் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் இரண்டாவது), ஏழு கெஜம் பாக்கி. பிரீசீசன் (சீசனுக்கு முந்தைய) ஆட்டத்தின் மூன்றாம் கால் பகுதி. மற்ற அணிகளின் ஆட்டக்காரர்களை ஃபிலிமில் பார்த்து எங்கள் அணிக்கு அறிக்கை எழுதுவது என் வேலை. நான் மதிப்பிட வேண்டிய ரூக்கி (முதல் வருட ஆட்டக்காரன்), வேறோர் அணியின் வில் லைன்பேக்கர். வில் என்பது பெயரல்ல, தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களில் ஓர் இடம். தாக்கும் அணியின் முன்வரிசையில் நடு ஆளுக்குப் பக்கத்தில் நிற்கும் இடது கார்டுக்கு நேரெதிரே நாலரை கெஜம் தள்ளி நிற்கிறான். (இடம், வலம் எல்லாம் தாக்கும் அணியின் கணக்கில் சொல்கிறேன்.) ஸ்னாப் ஆனதும், அதாவது பந்து ஆட்டத்துக்கு வந்ததும், இடது கார்டும் அவனுக்கு வெளிப்பக்கம் நிற்கும் இடது டாக்கிளும் இடத்தை விட்டுக் கிளம்பி வலப்பக்கம் ஓடுகிறார்கள். பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக் மட்டும் முதல் அடியை இடப்பக்கம் வைக்கிறான். நம் பையன் பேக்கோடு இடப்பக்கம் போகிறான். ஒரே ஒரு காலடிதான். உடனே திரும்பி ஓடுகிறான். அதற்குள் பேக் வலப்பக்கம் வளைந்து ஆறு கெஜம் எடுத்துவிட்டான், கடைசியில் நிற்கும் சேஃப்டி வந்துதான் பிடிக்க வேண்டியிருந்தது.

இதுதான் கவுண்டர்: ஒரு பக்கம் போவதுபோல் காட்டி மறுபக்கம் ஓடுவது. பள்ளிக்கூட அணியில் ஆடும் லைன்பேக்கருக்கே தெரிந்த பிளே. பேக்கின் முதல் அடி பொய் சொல்லும், கார்டு பொய் சொல்ல மாட்டான். கார்டு கிளம்பினால் கூடவே ஓடு. அதனால் அந்த வரிசையில் மைனஸ் போட்டு, ‘கீ படிப்பது தாமதம், ஏமாற்று அசைவுக்கு விழுகிறான்’ என்று எழுதினேன். கீ என்றால் எவனைப் பார்த்து ஓட வேண்டுமோ அவன். எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை.

எங்கள் லைன்பேக்கர் கோச் அதைப் படித்துவிட்டு, ஃபிலிமைக்கூடப் போடச் சொல்லவில்லை.

“அவனுக்கு அங்கே என்ன சொல்லி அனுப்பியிருந்தாங்கன்னு தெரியுமா?”

“தெரியாது, கோச்.”

“அப்புறம் எதுக்கு மைனஸ்?”

நான் பதில் சொன்னேன். பேக்கைப் பார்த்து ஏமாறாதே என்பது எந்த அணியிலும் மாறாத பாடம் என்றேன். “எந்த அணியிலும்?” என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பேச்சு அவ்வளவுதான்.

அவர் சொல்ல வந்தது எனக்குப் புரியாமல் இல்லை. அதே அமைப்பில், அதே கார்டும் டாக்கிளும் வலப்பக்கம் ஓட, பந்தை வாங்கி மற்றவர்களுக்குக் கொடுக்கும் குவார்ட்டர்பேக் அதைத் தானே வைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் போகிற பிளே ஒன்று உண்டு. அதில் பேக் உண்மையாகவே இடப்பக்கம் போவான். தடுக்க ஆள் வைக்காமல் விட்ட இடது எண்டை (தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவனை) பார்த்து, கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று குவார்ட்டர்பேக் அந்த நொடியில் முடிவு செய்வார். கால் வேகமுள்ள குவார்ட்டர்பேக் நின்றால் சில டிஃபென்ஸ் ஒருங்கிணைப்பாளர்கள் வில்லிடம், “கார்டை மறந்துடு, பேக் உன் ஆளு” என்று சொல்லிவிடுவார்கள். அன்று நின்றவர் ஓடக்கூடியவர்தான். அப்படி ஒரு விதி இருந்திருந்தால் இடப்பக்கம் வைத்த அந்தக் காலடி தவறே இல்லை. கார்டின் பின்னால் ஓடியிருந்தால்தான் தவறு.

வேற்றணியின் ஃபிலிமை மதிப்பிடுவது கேள்வித்தாளைப் பார்க்காமல் விடைத்தாள் திருத்துகிற வேலை. இது எல்லாருக்கும் தெரியும், தெரிந்தேதான் செய்கிறோம். ஆகஸ்ட் கடைசியில் 32 அணிகளும் 90 பேரிலிருந்து 53 பேருக்கு வெட்டுகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரேயடியாக வெளியே வருகிறார்கள். அவர்களில் இளம் ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ள விரும்பும் அணி மறுநாள் நண்பகலுக்குள் மனு போட்டாக வேண்டும். வரிசையில் முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கே முன்னுரிமை. மனு கிடைத்தால் நம் 53 பேரில் ஒருவனை வீட்டுக்கு அனுப்பவும் வேண்டும். அந்த நேரத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதிய அறிக்கையை யார் வாங்கிக்கொள்வார்கள்? ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுத வேண்டும்.

இருந்தாலும் பார்க்கிற முறையில் நான் எதையும் விட்டுவிடவில்லை. 22 பேரும் தெரிகிற பயிற்சியாளர் ஃபிலிமை லீக் 2012இலேயே ரசிகர்களுக்கும் சந்தாவில் திறந்துவிட்டது, அதில் ரகசியம் ஒன்றுமில்லை. பார்க்கிற ஒழுங்கில்தான் வேலை இருக்கிறது. ஃபிலிமின் முதல் ஓட்டம் சைட்லைன் கோணத்தில், அதாவது பக்கவாட்டிலிருந்து: டவுன், தூரம், அமைப்பு, லைன்பேக்கரின் ஆழம். கெஜக் கோடுகள் குறுக்கே ஓடுவதால் ஆழத்தை அங்கேதான் அளக்க முடியும். இரண்டாவது ஓட்டம் எண்ட் ஸோன் கோணத்தில், அதாவது மைதானத்தின் முனையிலிருந்து. எந்த இடைவெளிக்கு எதிரே நிற்கிறான், ஸ்னாப் ஆனதும் எந்தக் கால் முதலில் எழுகிறது என்பது அதில் தெரியும். அப்போது பந்தைப் பார்க்கவே கூடாது. கண் தானாகப் பந்துக்குப் போகும். போய்விட்டால் திரும்ப ஓட்ட வேண்டும். மூன்றாவது ஓட்டம் கைகளுக்கு. கார்டு, டாக்கிள் போன்ற லைன்மேன் வந்து மோதும்போது கையை நீட்டி அவன் மார்புக்கவசத்தைப் பிடிக்கிறானா, தோளைக் கொடுத்து ஒதுங்குகிறானா என்று பார்ப்பது. கடைசியாக டேக்கிள், அதாவது ஓடுபவனைப் பிடித்து வீழ்த்துவது: ஆளை நெருங்கும்போது கால்கள் நின்றுவிட்டால் அடுத்து வருவது கணுக்காலுக்குப் பாய்ச்சல்தான்.

டேக்கிள் எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. ஒரு கெஜத்தில் பிடித்தாலும் எட்டு கெஜம் விட்டுப் பிடித்தாலும் புள்ளிவிவரத்தில் அது ஒன்றே. பிரீசீசன் நான்காம் கால் பகுதியில் எதிரே தடுக்க வருகிறவனும் அடுத்த வாரம் வேலை தேடப் போகிறவன் என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

கோச் கேட்ட பிறகு அந்தப் பையனின் ஃபிலிமில் மற்ற கவுண்டர்களைத் தேடினேன். அதே ஆட்டத்தில் இன்னும் இரண்டு கிடைத்தன. ஒன்றில் கார்டோடு சரியாகக் கிளம்பி, பேக்கை ஒரு கெஜத்தில் மடக்கினான். அப்போது குவார்ட்டர்பேக் ஓடத் தெரியாத மூன்றாம் ஆள். அப்படியானால் கோச் சொன்னதுதான் சரி, குவார்ட்டர்பேக்கைப் பொறுத்து அவன் விதி மாறுகிறது. மற்றதிலும் அதே மூன்றாம் ஆள்தான், அதில் மறுபடியும் பேக்கோடு போனான். டாக்கிளுக்கு வெளியே நிற்கும் டைட் எண்ட் எதிர்ப்பக்கம் நின்றதால் அங்கே விதியே வேறாக இருந்திருக்கலாம். அல்லது பையன் ஏமாந்திருக்கலாம். மூன்று பிளேயை வைத்துக்கொண்டு இரண்டு கதையும் சொல்லலாம்.

ஃபிலிமில் தெரிவது அவனுக்குக் கொடுத்த வேலை; அவனால் என்னவெல்லாம் முடியும் என்பது அதில் பாதிகூட வராது. பின்னாளில் லீக்கின் முன்னணி லைன்பேக்கரான ஃப்ரெட் வார்னர், பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் வெளிப்பக்கம், பாஸ் பிடிக்க ஓடும் ஸ்லாட் ரிசீவருக்கு எதிரே நின்று ஆடியவர். நடுவில் நின்று கார்டுகளோடு மோதும் காட்சிகள் அவர் கல்லூரி ஃபிலிமில் குறைவு. 2018இல் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் மூன்றாம் சுற்றில், 70ஆவது தேர்வாக சான் பிரான்சிஸ்கோ எடுத்து முதல் வருடமே நடுவில் நிறுத்தியது. அவரைத் தாண்டிப் போன அணிகளின் அறிக்கைகளில் என்ன எழுதியிருந்ததோ! இதை நான் சொல்லும்போதெல்லாம் யாராவது எதிர்வாதம் வைப்பார்கள்: அப்படிச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து எடுத்து, ஒரு பருவம்கூட நிற்காமல் போனவர்கள் எத்தனை பேர்? அதுவும் உண்மைதான்.

அந்தப் பையனுக்கு நாங்கள் மனு போடவில்லை. வேறோர் அணி போட்டது. இப்போது கிக்காஃப் கவரேஜில் (உதைத்த பந்தை எடுத்து வருபவனைத் துரத்தும் வேலையில்) ஓடுகிறான், டிஃபென்ஸில் அவ்வளவாக இறக்குவதில்லை. இதை வைத்து நான் சொன்னது சரி என்றும் பேச முடியாது, கோச் சொன்னது சரி என்றும் பேச முடியாது.

என் படிவத்தில் இப்போது ‘கீ’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘பொறுப்பு தெரியாது’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். கோச்சுக்குப் பிடித்திருக்கிறது. மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை, விதிகள் அதிகமுள்ள டிஃபென்ஸிலிருந்து வருகிற ரூக்கிகளுக்குப் பாதிப் பக்கம் அந்தக் கட்டமே நிரம்பிவிடுகிறது, பிறகு அறிக்கை எதற்கு என்கிறார்கள்.

அதே பிளேயை இன்று பார்த்தால் முதல் காலடிக்கு மதிப்பெண்ணே போடமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவன் ஓடிய பாதை இருக்கிறதே, அதற்கு எந்த விதியும் துணைக்கு வராது. தன் டிஃபென்ஸ் லைனை ஒட்டி நேராகக் குறுக்கே போயிருந்தால், சுற்றி வரும் டாக்கிளை இடைவெளியின் வாயிலேயே சந்தித்திருப்பான். அவனோ இரண்டு கெஜம் பின்வாங்கி வளைந்து ஓடினான். டாக்கிளுக்கு அவனைத் தேடிப் பிடிக்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. அது சுத்தமான மைனஸ். இதைக் கோச்சிடம் சொன்னபோது அவரும் மறுக்கவில்லை. “அதை ஏன் அன்னைக்கு எழுதலை?” என்று மட்டும் கேட்டார். எழுதியிருந்தேன், ஐந்தாவது வரியில்.