டோட்டல் இம்மர்ஷன்: வீச்சு குறைந்தால் போதுமா?

மார்ச் 3

அமெரிக்கப் பயிற்சியாளர் டெரி லாஃப்லின் 1989-இல் தொடங்கிய நீச்சல் முறை இது. வலுவைக் கூட்டுமுன் நீரின் தடையைக் குறை என்பதே அதன் வாதம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். ஆக, வாதத்தில் குறையில்லை. பார்க்க வேண்டியது நடைமுறையை.

தொடக்க அளவு: 25 மீட்டர் எட்டு முறை, இடையில் 20 விநாடி ஓய்வு. ஒவ்வொரு முறையும் கை வீச்சின் எண்ணிக்கை, நேரம் இரண்டையும் குறிக்க வேண்டும். சுவரை உதைத்துச் சறுக்கும் தூரம் எப்போதும் ஒன்றாக இருக்கட்டும். அது ஒரு மீட்டர் கூடினாலே ஒரு வீச்சு தானாகக் குறைந்து, முன்னேற்றம்போலத் தெரியும்.

மார்ச் 5

சமநிலைப் பயிற்சி. நுரையீரலில் காற்று இருப்பதால் மார்பு மிதக்கும். உடல் எடையின் மையமோ இடுப்புப் பக்கம். அதனால் கால் தாழ்கிறது. தலையைத் தூக்கினால் இன்னும் தாழும். பார்வை நேராகத் தரையில், பின்கழுத்து தளர்வாக, ஒரு கை முன்னே நீண்டு, உடல் சற்றே சாய்ந்து சறுக்க வேண்டும். முறையின் மிக வலுவான பகுதி இதுதான். கால் தாழ்பவருக்கு வித்தியாசம் உடனே தெரியும்.

பலர் இங்கே மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். முகம் நீரில் இருக்கும்வரை மூச்சை விட்டுக்கொண்டே இருந்தால்தான், தலை திரும்பும்போது உள்ளே இழுக்க நேரம் கிடைக்கும்.

மார்ச் 10

கை தலைக்கு நேரே அல்ல, தோளுக்கு நேரே நுழைய வேண்டும். விரல் நுனி மணிக்கட்டைவிடத் தாழ்ந்தும், மணிக்கட்டு முழங்கையைவிடத் தாழ்ந்தும் இருக்கட்டும். நீளமாக எட்டும் ஆசையில் விரல்கள் மேலெழும்பினால் உள்ளங்கை முன்னோக்கித் திரும்பி, பிரேக் பிடித்ததுபோல ஆகிவிடும். முறையைப் படித்துவிட்டு வருபவர்களிடம் அதிகம் காணும் தவறு இது.

மார்ச் 12

இரண்டு உதை (ஒவ்வொரு கை வீச்சுக்கும் ஓர் உதை): வலக்கை முன்னே பாயும்போது இடக்கால் உதைக்கும். மூச்செடுக்கையில் கால்கள் கத்தரிபோல விரிந்தால் உதையைக் குறை சொல்லாதீர்கள். முன்னே நீண்ட கை உடலின் நடுக்கோட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

மார்ச் 17

முறை சறுக்கி விழும் இடம் இங்கேதான். வீச்சு எண்ணிக்கையே மதிப்பெண் ஆகிவிட்டால், கையை முன்னே நீட்டிவிட்டு மிதந்துகொண்டே காத்திருப்பார்கள். 25 மீட்டருக்கு 22 வீச்சு, 32 விநாடி ஆனவர் 18 வீச்சு, 36 விநாடிக்கு வந்தால் வீச்சையும் விநாடியையும் கூட்டினால் இரண்டிலும் 54. வீச்சு நான்கு குறைந்தது, வேகமும்தான் குறைந்தது.

காத்திருப்பு உழைப்பை மிச்சப்படுத்துகிறதா? இல்லை. தடையை வெல்லத் தேவைப்படும் திறன் (விநாடிக்குச் செலவாகும் ஆற்றல்) வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். சீராக விநாடிக்கு 1 மீட்டர் நீந்தினால் அதை 1 என்று கொள்வோம். பாதி நேரம் 1.2, பாதி நேரம் 0.8 என்று நீந்தினால் சராசரி வேகம் அதேதான், திறன் மட்டும் (1.728 + 0.512) ÷ 2 = 1.12. அதாவது 12 சதவீதம் கூடுதல் செலவு. சறுக்கல் அழகாகத் தெரிவதே ஏமாற்று.

மருந்து: நீண்ட கை நிற்கக் கூடாது. மறுகை நெற்றியைத் தாண்டும்போது, நீண்ட கையின் முன்கை முழங்கையை உயரத்தில் விட்டுவிட்டுக் கீழ்நோக்கி மடங்கத் தொடங்க வேண்டும்.

மார்ச் 24

தொப்பிக்குள் வைக்கும் பீப் கருவியை வீச்சுக்கு 1.4 விநாடி என்று வைத்து, அதே எட்டு முறை. தாளம் மாறாமல் வீச்சு குறைந்தால் அது உண்மையான முன்னேற்றம். நேரமும் கூடவே குறைந்தாக வேண்டும். பீப் வருமுன் கை காத்திருந்தால் 1.3-க்கு இறக்குங்கள். தாளத்தைப் பிடிக்க முடியாமல் திணறினால் 1.5.

கால் தாழ்பவர், 50 மீட்டரில் மூச்சு வாங்குபவர், வளர்ந்தபின் கற்பவர்: இவர்களுக்கு முறை பலன் தருகிறது. ஏற்கெனவே கிடைமட்டமாக மிதப்பவருக்குச் சமநிலைப் பயிற்சிகளில் பெரும்பகுதி நேர விரயம். கையால் நீரைப் பிடித்துத் தள்ளும் பிடிமானமும் தாளமும்தான் அவருக்குத் தேவை. மிதப்பு தரும் வெட்சூட் என்ற ரப்பர் நீச்சலுடை அணிந்தால் கால் தானே மேலெழும், சமநிலைப் பாடத்தின் லாபம் சுருங்கும். அலையுள்ள கடலில் ஒவ்வொரு அலையும் சறுக்கலை நிறுத்தும். அங்கே குளத்துத் தாளத்தைவிடச் சற்று வேகமாக, குட்டையான வீச்சு.