புரொஜெக்டரை சீலிங்கில் மாட்டப் போறீங்களா?

டிரில்லை எடுக்கும் முன் டேப்பை எடுங்க. 100 அங்குலத் திரையின் (16:9) அகலம் சுமார் 2.21 மீட்டர். புரொஜெக்டரின் த்ரோ ரேஷியோ (லென்ஸ்-திரை தூரத்தைத் திரை அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் லென்ஸ் திரையிலிருந்து 3.3 மீட்டரில் நிற்கணும். கணக்கு தப்பினால் படம் சுவரைத் தாண்டும். கோணலான படத்தை நேராக்கும் கீஸ்டோன் செட்டிங்கில் சரிபண்ணலாம் என்பார்கள். அது படத்தின் கூர்மையைத் தின்றுவிடும். நடுவில் ஃபேன் இறக்கை வருதான்னும் பாருங்க.

ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கை நம்பவே நம்பாதீங்க. புரொஜெக்டரைத் தாங்கும் பைப் அதைத் துளைத்து மேலே கான்கிரீட்டைப் பிடிக்கணும். ஃபேன் ஹூக்குக்கும் லைட் பாயின்ட்டுக்கும் நடுவே துளை போடாதீங்க, ஸ்லாபுக்குள் வயர் பைப் ஓடும். பிளாஸ்டிக் பிளக் வேண்டாம், நாலு இரும்பு ஆங்கர் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) போடுங்க. துளைத் தூசியை ஊதி எடுக்காவிட்டால் ஆங்கர் பிடிக்காது.

தாங்கியைச் சொந்தமாகச் செய்ய: முக்கால் அங்குல ஜிஐ பைப், இரண்டு ஃபிளாஞ்ச் (பைப் முனையில் மாட்டும் மரை வைத்த வட்டத் தகடு), புரொஜெக்டரை மாட்ட 12 மி.மீ பிளைவுட் பலகை. ஃபிளாஞ்ச் மரை மெல்லச் சுழன்று லூசாகும். குறுக்கே ஒரு போல்ட் அவசியம்.

புரொஜெக்டர் அடியில் பெரும்பாலும் எம்4 (4 மி.மீ ஸ்க்ரூவுக்கான) மரை. துளையில் தீக்குச்சி விட்டு ஆழம் பாருங்க. 8 மி.மீ இறங்கினால் 12 மி.மீ பலகைக்கு 20 மி.மீ ஸ்க்ரூ போதும், வாஷர் போட்டால் அதன் தடிமனையும் சேர்த்துக்கோங்க. நீளம் கூடினால் உள்ளே சர்க்யூட் போர்டில் குத்தும். காற்று போகும் ஓட்டைகளைப் பலகை மூடக்கூடாது.

தலைகீழாகத் தெரியுதா? மெனுவில் 'சீலிங்' மோடு இருக்கு.