அளவு, மரம், பாக்கி

அப்பா இறந்த பிறகு, எங்கள் குடும்பம் நடத்தும் இறுதிச் சடங்கு இல்லத்தின் வரலாற்றை எழுதும் வேலை என்னிடம் வந்தது. இரண்டு மாதத்தில் முடியும் என்று இறங்கினேன். ஒன்றரை ஆண்டு பிடித்தது.

இல்லம் எந்த ஆண்டு தொடங்கியது என்று முதலில் பெரியவர்களைக் கேட்டேன். அத்தை ஓர் ஆண்டைச் சொன்னார், சித்தப்பா வேறோர் ஆண்டைச் சொன்னார். இருவருமே அடித்துச் சொன்னார்கள். பிறகுதான் பரண்மேல் கிடந்த கணக்கேடுகளை இறக்கினேன்.

கொள்ளுத்தாத்தா தச்சர். கட்டில், மேசை, நாற்காலி என்று எழுதிய அதே பக்கத்தில் ‘பெட்டி, ஐந்தடி நாலங்குலம்’ என்று வருகிறது. இத்தொழிலில் பல குடும்பங்கள் நுழைந்த வழி இதுதான்: பலகையும் இழைப்புளியும் இருந்த வீட்டைச் சாவு வீட்டார் தேடி வந்தார்கள். எங்கள் பெயர்ப்பலகையில் உள்ள ஆண்டு, அவர் மேசை செய்வதை நிறுத்திய ஆண்டு என்பது அப்போதுதான் புரிந்தது.

1918 இறுதிப் பக்கங்களைத் தாண்ட எனக்குப் பல நாட்கள் ஆயின. இன்ஃபுளுவென்சா உலகெங்கும் வாரிக்கொண்டு போன மாதங்கள் அவை. வயதுப் பத்தியில் இருபத்தாறு, முப்பத்தொன்று, இருபத்தெட்டு. மரத்தின் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருக்கிறது. கிடைத்த பலகையை அடித்திருக்கிறார். நடுவில் ஒரு வாரம் கையெழுத்தே மாறுகிறது. அது கொள்ளுப்பாட்டியுடையது. அவரும் இந்த வேலையைச் செய்தார் என்று வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. அவருக்காகவே முதல் அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன்.

உடலைப் பதப்படுத்தத் தொடங்கிய காலத்தை ஃபார்மலின் ரசீதுகள் காட்டிக்கொடுத்தன. குதிரை வண்டி போய் மோட்டார் வண்டி வந்த கதை இரண்டு வரியில் அடங்கியது.

திணறியது பெயர்களில்தான். இறப்புப் பதிவேட்டோடும் கல்லறைக் கற்களோடும் ஒப்பிட்டுச் சரிபார்த்த பெயர்கள்; ஆனால் பக்கத்திலேயே ‘பாக்கி’ என்ற பத்தி. பல பாக்கிகளைக் கொள்ளுத்தாத்தா வெறுமனே அடித்துவிட்டிருக்கிறார். பக்கங்களை அப்படியே படமாகப் போடலாம் என்றார் அண்ணன். நான் சம்மதிக்கவில்லை. பிறர் வீட்டுத் துக்கமும் கடனும் நாங்கள் அச்சிடுவதற்கு உரியவை அல்ல. பெயர்களை மறைத்தே வெளியிட்டோம்.

நூல் வந்த பிறகு ஒரு முதியவர் வந்து, தன் பாட்டியின் பதிவைப் பார்க்க வேண்டும் என்றார். பாட்டிக்குப் புகைப்படம் கிடையாதாம். ஏட்டை எடுத்துக் காட்டினேன். பெட்டியின் நீளத்தில் இரண்டு அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த எண்ணின்மேல் விரலை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “என் மகளின் உயரம்” என்றார்.