லேப்டாப் ஆன் ஆகவில்லையா? கடைக்குத் தூக்கிப் போகும் முன்...

"மதர்போர்டு (எல்லா பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை) போயிடுச்சு" என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்து, நல்ல லேப்டாப்பை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பவர் பட்டனை அழுத்தியும் அசைவே இல்லையா? சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி தனியாக வருகிற மாடல் என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். பல சமயம் இதிலேயே சரியாகிவிடும்.

ஃபேன் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பா? அறையை இருட்டாக்கி, மொபைல் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடியுங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது; கோளாறு பேக்லைட், அதாவது திரைக்கு வெளிச்சம் தரும் பின்விளக்கு, பக்கம். எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்து, முதலில் ஃபைல்களை நகல் எடுத்துவிடுங்கள்.

பீப் பீப் என்று கத்தினால் கோளாறு பெரும்பாலும் ரேம், அதாவது தற்காலிக நினைவக அட்டையில். திறக்கத் தெரிந்தவர்கள் அதைக் கழற்றி, தங்கநிற முனைகளை பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் துடைத்து, கிளிக் என்று உட்காரும்வரை மாட்டிப் பாருங்கள்.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா? பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். இதில் மட்டும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம்.

கடையில் "விண்டோஸ் புதுசா போட்டுடலாம்" என்றால், டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் இருப்பதை நகல் எடுத்தாச்சா என்று கேளுங்கள். பிள்ளைகளின் படங்கள் முக்கால்வாசி அங்கேதான் கிடக்கும்.