கஞ்சி, ஜீவனி, அம்மா

ஓகஸ்ட் 5
விடியுமுன்னம் ஐந்து தடவை கக்கூசுக்குப் போயாச்சு. சளியும் கொஞ்சம் இரத்தமும். பெருங்குடலின் உட்சுவர் அழன்று புண்ணாகிற இந்த வருத்தத்துக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று பெயர் சொன்ன பிறகு இப்படிக் கிளம்புவது மூன்றாம் முறை, பயத்தைவிட எரிச்சல்தான் கூட. சிறுபோக அறுவடையில் மூட்டை தூக்கி நாரி பிடித்துவிட்டது. பக்கத்துக் காணி அண்ணை தந்த டைக்குளோபெனாக் குளிசை இரண்டைப் போட்டேன். அந்த வகை நோக்குளிசை இந்த வருத்தத்தைக் கிளப்பிவிடக்கூடும் என்று தெரிந்துதான் போட்டேன், பரசிற்றமோலோடு நின்றிருக்கலாம்.

வெளியே கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கிறது. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புச்சீனித் தூளான ஜீவனியில் ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறின தண்ணீரில் கரைத்து வைத்து மிடறு மிடறாகக் குடிக்கிறேன். மடமடவென்று குடித்தால் எனக்கு உடனே கலக்கும்.

ஓகஸ்ட் 6
இளநீர் இருக்க உந்தப் பக்கற் தண்ணி என்னத்துக்கு என்று அம்மா கேட்டார். இளநீரில் பொட்டாசியம் தாராளம், ஆனால் வயிற்றோட்டத்தில் உடம்பு இழக்கிற சோடியம் அதில் குறைவு, ஆகவே அது ஜீவனிக்கு ஈடில்லை. பக்கற் கிடைக்காத நேரம் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பைக் கண்மதிப்பில் அள்ளிப் போடக்கூடாது.

பெரிய சண்டை கஞ்சியில்தான். அம்மாவுக்குக் கஞ்சி என்றால் தவிட்டோடு சிவப்புப் பச்சையரிசிதான். எனக்கு இப்போது தீட்டின வெள்ளையரிசி வேண்டும், குழைய அவித்து, உப்புப் போட்டு. "சத்தெல்லாத்தையும் தீட்டிப்போட்டுச் சக்கையைக் குடிக்கிறியோ?" புண்பட்ட குடலுக்குத் தவிட்டு நார் பாரம் அம்மா என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர், அரை மணித்தியாலத்தில் வெள்ளைக் கஞ்சியோடு வந்தார்.

ஓகஸ்ட் 8
கிளினிக். குடல் அழற்சிக்கு நான் போடுகிற மெசலசீன் மருந்தைக் கூட்டித் தந்தார்கள். சாப்பாடு இந்த நாட்களை இலேசாக்கும், மருந்தின் வேலையைச் செய்யாது என்றார் டொக்டர். ஆறு தடவையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு போய், காய்ச்சலோ படபடப்போ சேர்ந்தால் கஞ்சி குடித்துக்கொண்டு வீட்டில் இருக்கவேண்டாம், நேரே வரச் சொன்னார்.

ஓகஸ்ட் 10
மூன்று தடவைதான். வெள்ளைமா இடியப்பம், மிளகாய் போடாமல் மூன்றாம் பாலில் வைத்த சொதி. முதற்பாலின் கொழுப்பு எனக்கு ஒத்துவராது. குளத்து விரால் அவித்து முள்ளெடுத்தது, தோல் சீவி மசித்த கரட், மத்தியானம் ஒரு முட்டை. புரதத்தை விட்டால் ஆள் வற்றிப்போகும், போனமுறை ஆறு கிலோ குறைந்தேன். வல்லாரைச் சம்பலும் முருங்கையிலையும் நல்ல சாமான்தான், இந்தக் கிழமைக்கு அல்ல. பால்தேத்தண்ணீரையும் நிறுத்தியிருக்கிறேன், எனக்குப் பால் வயிற்றை ஊதச்செய்யும். பால் ஒத்துவருகிறவர்கள் நிறுத்தத் தேவையில்லை. தயிர் மூன்று கரண்டி, பிழையில்லை.

பின்னேரம் பக்கத்து வளவில் ஒடியல் கூழ். நண்டும் இறாலும் செத்தல் மிளகாயும் கொதிக்கிற மணம் வேலி தாண்டி வந்தது. கிறீம் கிறாக்கர் இரண்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தேன்.

ஓகஸ்ட் 14
இரத்தம் நின்று மூன்று நாள். இன்றைக்குச் சோற்றில் அங்கங்கே சிவப்பு. ஒரு பிடி சிவப்பரிசியை எனக்குச் சொல்லாமல் அம்மா கலந்திருக்கிறார். குழையத்தான் அவித்திருந்தார். வயிறு இதுவரை ஒன்றும் சொல்லவில்லை, நானும் அம்மாவைக் கேட்கவில்லை.