முழுக் கோதுமையில் அத்திப்பழ பார்

இன்று ஓவனில் அத்திப்பழப் பூரணம் வைத்த குக்கீ பார். மைதா துளியும் இல்லை, முழுக் கோதுமை மாவு மட்டும்தான்.

முழுக் கோதுமையில் தவிடு இருப்பதால் ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும். பிசைந்த உடனே தேய்த்தால் ஓரமெல்லாம் விரிசல் விடும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் சொன்னபடி கேட்கும், வெண்ணெயும் இறுகிக் கையில் ஒட்டாது.

ஆனால் உயிர் பூரணத்தில்தான் இருக்கிறது. உலர்ந்த அத்தியைக் காம்பு கிள்ளி, வெந்நீரில் ஊறவைத்து அரைத்து, கொஞ்சம் ஆரஞ்சுச் சாறு விட்டுச் சுண்டக் கிளறினேன். கரண்டியால் இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிந்து, மெல்ல மூட வேண்டும். அதுதான் பதம். தளர்வாக இருந்தால் வேகும்போது வழிந்து கருகிவிடும். சர்க்கரை போடவே இல்லை, பழத்தின் இனிப்பே ஏகப்பட்டது. (விதை பல்லில் நறநறக்கும். பிடிக்காதவர்கள் பேரீச்சைக்குப் போகலாம், நான் போக மாட்டேன்.)

180 டிகிரியில் 20 நிமிடம் வாக்கில் ஓரம் பொன்னிறமாகும். அப்புறம், சூடு ஆறுவதற்குள் வெட்டி டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். அந்த ஆவியில்தான் மேல்மாவு மிருதுவாகிறது. மறுநாள் இன்னும் ருசி. அதுவரை டப்பாவை எங்கே ஒளித்து வைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.